பழைய எஸ்க்யூஎல் சர்வர்: அப்படியே விடுவதா, அப்கிரேடு செய்வதா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அப்கிரேடு கட்சி. பில், ஸ்டாக் கணக்கையெல்லாம் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்தான் எஸ்க்யூஎல் சர்வர், அதன் இலவசப் பதிப்பு எக்ஸ்பிரஸ். எங்கள் மருந்து மொத்தக் கடையில் எஸ்க்யூஎல் சர்வர் 2014 எக்ஸ்பிரஸிலிருந்து 2022 எக்ஸ்பிரஸுக்கு மாறியாயிற்று, அதனால் கீழே எழுதுவதில் அந்தப் பக்கம் சாய்வு இருக்கத்தான் செய்யும். நாலைந்து கம்ப்யூட்டரில் பில் அடிக்கிற கடை, ஒரு பில்லிங் சாஃப்ட்வேர், அதற்கு அடியில் இலவச எக்ஸ்பிரஸ், இதைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் கிடையாது. இந்த அளவில் வியாபாரம் செய்கிறவர்களுக்குத்தான் இது பொருந்தும்.

அப்படியே விட்டுவிடுவது முதல் வழி. சாஃப்ட்வேர் சர்வீஸுக்கு வரும் தம்பி, "அண்ணே, ஓடிக்கிட்டிருக்கிறதை எதுக்குத் தொடணும்?" என்றான். நியாயமான கேள்விதான். 2014 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2024 ஜூலை 9-ஆம் தேதியோடு முடிந்தது, ஆனால் மறுநாள் காலையிலும் பில் ஓடியது. இண்டர்நெட் எட்டாத மூலையில் அந்த மெஷின் இருந்தால் நானும் அவன் பக்கம்தான் நின்றிருப்பேன். எங்கள் மெஷினிலோ ஜிஎஸ்டி தளமும் பேங்க் தளமும் வாட்ஸ்அப்பும் ஒன்றாகத் திறந்து கிடக்கும், செக்யூரிட்டி அப்டேட் வராத சர்வரை அங்கே வைத்திருப்பதில் எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஆனாலும் உண்மையில் எங்களைத் தள்ளியது இடம்தான். 2022 வரையிலான எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. கணக்கில் வருவது டேட்டா ஃபைல் மட்டும்தான், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் லாக் ஃபைல் சேராது. அந்த எல்லையை முட்டினால் புதிய பில் சேவ் ஆகாது, அதுவும் மாசக் கடைசியில் கவுண்டரில் பத்துப் பேர் நிற்கும்போதுதான் அது நடக்கும். பழசை அழித்துவிடலாமே என்றால், ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு வைத்திருக்க வேண்டும். 10 ஜிபி என்பது ஒரு டேட்டாபேஸுக்குத்தான், ஆகவே வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைப்பவர்கள் உண்டு. எங்கள் தொழிலில் அது தலைவலி. எக்ஸ்பயரி ஆன சரக்கு இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வரும், எந்த பில்லில் எந்த பேட்ச் போனது என்று அப்போதே தேடியாக வேண்டும்.

ஸ்டாண்டர்டு பதிப்பை காசு கொடுத்து வாங்குவது இன்னொரு வழி. கோர் கணக்கில் வாங்கினால் குறைந்தது நாலு கோர், இல்லையென்றால் சர்வருக்கு ஒன்றும் ஆளுக்கோ மெஷினுக்கோ ஒன்றுமாக லைசென்ஸ். விலை கேட்டேன், நன்றி சொல்லி வைத்துவிட்டேன். எங்கள் பாரத்துக்கு அது தேவையே இல்லை.

போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸ் பக்கம் போவதைப் பற்றி நிஜமாகவே யோசித்தேன். லைசென்ஸ் இல்லை, 10 ஜிபி கதை இல்லை, ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருடம் ஆதரவு. இன்றைக்குப் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் எழுதச் சொன்னால் அதில்தான் எழுதச் சொல்வேன். ஆனால் பில்லிங் சாஃப்ட்வேர் என்னுடையது இல்லையே. அதன் ஸ்டோர்டு ப்ரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த புரோகிராம்) எல்லாம் எஸ்க்யூஎல் சர்வர் பாஷையில் இருக்கிறது, டேட்டாபேஸை மாற்றினால் சாஃப்ட்வேரையே மாற்ற வேண்டும். நான் போஸ்ட்கிரெஸைச் சின்ன வேலைகளுக்குத்தான் தொட்டிருக்கிறேன், எனவே இதில் என் பேச்சைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பது 2022 எக்ஸ்பிரஸ். ஆனால் அதை எப்படிப் போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. காரணம், புதிய பதிப்பில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் ஏறாது. 2014 பேக்கப்பை 2022-இல் ரீஸ்டோர் செய்யலாம், 2022 பேக்கப்பை 2014-இல் செய்ய முடியாது. ஃபைலின் வடிவத்தைக் குறிக்கும் உள் எண் 2014 டேட்டாபேஸில் 782, அது 2022-இல் ஏறிய கணமே 957 ஆகிவிடும். கம்பேட்டிபிலிட்டி லெவல் என்ற அமைப்பை 2014-க்கான 120-இலேயே வைத்தால் பழையதில் திரும்ப ஏற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்த எண் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு மட்டும்தான், ஃபைலின் வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏற்றியபின் வேண்டாம் என்றால் டேபிள் டேபிளாக டேட்டாவை வெளியே எடுத்துப் பழையதில் கொட்ட வேண்டியதுதான். நம்மைப் போன்ற கடையில் அதை யார் உட்கார்ந்து செய்வது?

அதனால்தான், இருக்கிற மெஷினிலேயே செட்டப்பை ஓட்டி அப்கிரேடு கொடுப்பதற்கு நான் முழுக்க எதிர். வேறு மெஷினில் 2022-ஐப் புதிதாகப் போட்டு, பழைய பேக்கப்பை அங்கே ரீஸ்டோர் செய்து, பழைய மெஷினை அப்படியே ஓரமாக வையுங்கள். 2022-க்கு விண்டோஸ் 10 ஆவது வேண்டும், விண்டோஸ் 7-இல் சர்வர் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் எப்படியும் மெஷின் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஆனால் பழைய மெஷின் இருக்கிறதே என்ற தைரியம் ரொம்ப நாள் தாங்காது. புதியதில் முதல் பில் விழுந்ததிலிருந்து இரண்டும் வேறு வேறு கணக்கு. அன்று சாயங்காலமே திரும்பினால் அன்றைய பில்லை மட்டும் மறுபடி அடிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து என்றால் ஸ்டாஃப் யாரும் உட்கார மாட்டார்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டி இ-இன்வாய்ஸ் போடுகிறவர்களுக்கு இன்னும் சிக்கல். போர்ட்டலில் அந்த பில் நம்பருக்கு ஐஆர்என் (இ-இன்வாய்ஸ் பதிவு எண்) ஏற்கெனவே விழுந்திருக்கும், அதே நம்பருக்கு இன்னொன்று கொடுக்காது, கேன்சல் செய்யவும் 24 மணி நேரம்தான். எனவே திரும்புவதா வேண்டாமா என்பது பில் போடத் தொடங்கும் முன்பே முடிவாகிவிட வேண்டும்.

நாங்கள் செய்தது இதுதான். ஒரே பேக்கப்பை இரண்டு மெஷினிலும் வைத்துக்கொண்டு ஸ்டாக் மதிப்பு, பார்ட்டி பாக்கி, ஜிஎஸ்டிஆர்-1 சுருக்கம் மூன்றையும் எடுத்து, பைசா வரை பொருத்திப் பார்த்தோம். ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் தாக்கல் 20-ஆம் தேதி முடிந்ததும், மாசக் கடைசி நெருக்கடி தொடங்கும் முன் வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் இதற்குச் சரியான நாள்.

புது மெஷினில் மூன்று இடத்தில் கால் இடறும். ஒன்று கொலேஷன், அதாவது எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி. செட்டப் விண்டோஸின் ரீஜன் அமைப்பைப் பார்த்துத் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடும், பழைய சர்வரின் கொலேஷனிலிருந்து அது வேறுபட்டால், எல்லாம் நன்றாக ஓடி ஏதோ ஒரு ரிப்போர்ட்டில் மட்டும் 'கொலேஷன் கான்ஃப்ளிக்ட்' என்று வந்து நிற்கும். போடும் முன்பே பழையதில் பார்த்துக் குறித்துவையுங்கள், பிறகு மாற்றுவது பெரும்பாடு. அப்புறம் லாகின். அது மாஸ்டர் டேட்டாபேஸில் இருப்பதால் உங்கள் பேக்கப்போடு வராது, தனியாக உருவாக்கி உங்கள் டேட்டாபேஸில் இருக்கும் யூசரோடு இணைக்க வேண்டும். கடைசியாக, எக்ஸ்பிரஸில் மற்ற மெஷின்கள் நெட்வொர்க் வழியாக வந்து சேர வேண்டிய டிசிபி/ஐபி ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும். சர்வர் மெஷினில் சாஃப்ட்வேர் திறக்கும், மற்ற கவுண்டரில் திறக்காது, நீங்கள் கேபிளைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, 2022 எக்ஸ்பிரஸிலும் எல்லை அதே 10 ஜிபிதானே என்று கேட்கலாம். அதேதான். ஆனால் 2016-இன் முதல் சர்வீஸ் பேக்கிலிருந்து எக்ஸ்பிரஸிலும் பேஜ் கம்ப்ரெஷன் (டேட்டாவை அமுக்கிச் சேமிக்கும் வசதி) உண்டு, 2014 எக்ஸ்பிரஸில் அது கிடையாது. பில் வரி டேபிள் போல ஒரே பார்ட்டி கோடும் ஐட்டம் கோடும் லட்சக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் இது நன்றாகவே அமுக்கும். எங்களுக்குப் பாதிக்குக் கிட்டத்தட்ட இறங்கியது. பில்லின் பிடிஎஃப்பை டேட்டாபேஸுக்குள்ளேயே திணித்து வைக்கும் சாஃப்ட்வேராக இருந்தால் அந்த அளவு எதிர்பார்க்காதீர்கள், பிடிஎஃப்பில் கம்ப்ரெஷன் கை வைக்காது.

2025 எக்ஸ்பிரஸில் எல்லையை 50 ஜிபி ஆக்கிவிட்டார்கள். இடம் மட்டும்தான் பிரச்சினை என்றால் நேரே அதற்குப் போவதுதான் நியாயம். ஆனால் எங்கள் சாஃப்ட்வேர்காரர்கள் 2022 வரை சோதித்திருப்பதாகத்தான் சொல்கிறார்கள், நானும் 2025-ஐக் கடையில் போட்டுப் பார்த்ததில்லை. அவர்கள் சரி என்றால் 2022 பேக்கப் 2025-இல் ஏறும். உங்கள் சாஃப்ட்வேர்காரர் எதுவரை சோதித்திருக்கிறார் என்று கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிட்டு டவுன்லோடு செய்யுங்கள்.