குட்டி கடிக்க எதைக் கொடுக்கலாம்: கதம்பலா, ரப்பர் பொம்மையா?

குமரி மாவட்டத்தில் தென்னை நிற்காத வீட்டைப் பார்ப்பது அபூர்வம். நாய்க்குட்டி செருப்பைக் கவ்வினால் கொல்லையில் கிடக்கும் கதம்பலை, அதாவது தேங்காயை உரித்த நார்மட்டையைத்தான், முதலில் எடுத்துப் போடுவோம். காசு செலவில்லை, குட்டிக்கும் கொண்டாட்டம். ஆனால் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். முன்னங்காலால் அமுக்கிக்கொண்டு நார் நாராக உரிக்கும். பாதியைத் துப்பும், மீதியை விழுங்கும். அந்த நார் திரண்டு குடலை அடைத்தால் அறுவை சிகிச்சை வரை போய்விடும். வாந்தி எடுத்து, தீனியும் தொடாமல் சுருண்டு படுத்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகணும்.

ரப்பர் பொம்மைக்குக் காசு ஆகும்தான். வாய்க்குள் முழுசாக அடங்காத அளவில், நகத்தால் அழுத்தினால் லேசாகக் குழிகிற பதத்தில் வாங்குங்கள். நடுவில் பொந்து இருந்தால் முள் நீக்கிய அவித்த மீனைச் சோற்றோடு பிசைந்து அடைத்து, ஃபிரிட்ஜில் குளிரவைத்துக் கொடுக்கலாம், ஈறுக்கு இதம். பால்பல் 28 விழுந்து நிரந்தரப் பல் 42 முளைக்கும்வரை, அதாவது ஆறேழு மாச வயசுவரை, இந்தத் தினவு இருக்கும்.

என் ஓட்டு ரப்பருக்கே. கதம்பல்தான் என்றால் கூடவே உட்காருங்கள்.

கையைக் கடிப்பது வேறு சங்கதி. பல் பட்டதும் விளையாட்டை நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொள்ளணும், வீட்டில் எல்லாருமே. தாத்தா மட்டும் விரலை நீட்டிக் கொஞ்சினால் பலிக்காது. தோல் கீறினால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, ஊசிக்கு ஆஸ்பத்திரி போங்கள்.