ஹெட்லைட் பல்ப் மாற்றும் முன் விளக்கின் வெளிக்கண்ணாடியைப் பாருங்கள்: 620 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து ஏமாந்தேன்

பினாங்கில் பழைய கார் ஓட்டுபவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். பணம் போனதைவிட வேறொன்றுதான் என்னை உறுத்துகிறது. நான் காசு கொடுத்துப் போட்ட விளக்கின் கூச்சத்தில், எதிரே வந்த மோட்டார்காரர் ஒருவர் வளைவில் சாலையை விட்டு ஓரப் புல்லில் இறங்கிவிட்டார். நல்லவேளை, விழவில்லை. நான் காரை நிறுத்தி இறங்குவதற்குள், கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ கத்திவிட்டுப் போய்விட்டார். அவரிடம் மன்னிப்புக்கூட கேட்க முடியவில்லை.

என்னுடையது 2012 மைவி, இரண்டாம் கையாக வாங்கியது. ஆயர் ஈத்தாமில் வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் துன் சார்டோன் சாலை வழியாக பாலிக் புலாவுக்குத் திரும்புவேன். அந்த மலைச்சாலையில் போனவர்களுக்குத் தெரியும்: வளைவுக்கு மேல் வளைவு, இரண்டு பக்கமும் மரம், மழை விட்டதும் பனிமூட்டம். சில மாதமாக வெளிச்சம் போதவில்லை. மழையில் சாலையின் வெள்ளைக் கோடே தெரியாது. நண்பர் சொன்னதை நம்பி ஜெலுத்தோங் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

கடையில் இருந்தது நம் தமிழ்ப் பையன். "அண்ணே, ஹாலஜென்லாம் பழசு. இந்த எல்இடி 20,000 லூமன். மாட்டுனா பாலிக் புலாவ் மலையே பகல் மாதிரி இருக்கும்" என்றான். (ஹாலஜென் என்பது இழை சூடாகி எரியும் பல்ப்; லூமன் என்பது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு.) ஹெட்லைட் செட் 420 வெள்ளி, ஃபாக் லைட் (பனிமூட்ட விளக்கு) பல்ப் 80, ரிலே (விளக்குக்கு மின்சாரத்தைத் தனி வயரில் விடும் சுவிட்ச்) வயரிங்கும் கூலியும் 120. ஒரு வருட வாரண்டி என்று வாயால் சொன்னான். கொடுத்த ரசீதில் "லைட் செட் 620" என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. கடைக்குள் சுவருக்கு இரண்டடி தள்ளி காரை நிறுத்தி விளக்கைப் போட்டுக் காட்டினான். பளீரென்று இருந்தது. கியூஆரில் பணத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அன்றிரவே சந்தேகம் வந்துவிட்டது. காருக்கு முன்னால் கொஞ்ச தூரம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, அதைத் தாண்டினால் இருட்டு. ஆனால் மேலே மரக்கிளையெல்லாம் தெரிகிறது! எதிரில் வந்த கார்கள் ஒன்று விடாமல், கண் கூசுகிறது என்று ஹை பீம் (தூரத்து வெளிச்சம்) அடித்தன. நான் லோ பீமில்தான் (தாழ்ந்த வெளிச்சம்) இருந்தேன். அந்த மோட்டார்காரர் விஷயம் நடந்தது மறுநாள். மூன்றாம் நாள் மழை. காலையில் பார்த்தால் இடது ஹெட்லைட்டின் உள்ளே, கண்ணாடியில் முத்து முத்தாகத் தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானை வரச்சொன்னேன். மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன் அவர். பானட்டைத் திறந்ததும், "மாப்ள, பின்னாடி இருக்கிற ரப்பர் மூடி எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார். எல்இடி பல்பின் பின்னால் குட்டி விசிறி இருக்கிறது. அது இடித்ததால் ரப்பர் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓட்டையைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். தண்ணீர் போன வழி அதுதான்.

அப்புறம் காரைச் சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி விளக்கைப் போட்டார். நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுவதால், ஒழுங்கான லோ பீம் என்றால் வலது பக்கம் நேர்க்கோடாக வெட்டியதுபோல் நின்று, இடது ஓரம் மட்டும் சற்று மேலே ஏறும். என் காரில் கோடே இல்லை. சுவர் முழுக்க மாவைக் கொட்டியதுபோல் வெளிச்சம்.

மச்சான் விளக்கிச் சொன்னார். இந்தக் காருக்கு எச்4 என்ற வகை பல்ப். அதற்குள் இரண்டு இழைகள், ஒன்று ஹை பீமுக்கு, ஒன்று லோ பீமுக்கு. லோ பீம் இழைக்குக் கீழே சின்னத் தகடு ஒன்று கிண்ணம் மாதிரி இருக்கும். வெளிச்சம் கீழே போய் ரிஃப்ளெக்டரில் (வெளிச்சத்தை முன்பக்கம் திருப்பும் பளபளப்பான உட்பகுதி) பட்டு மேல்நோக்கித் தெறிக்காமல் அதுதான் தடுக்கிறது. ரிஃப்ளெக்டரின் வளைவே அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தது. இழை இருக்க வேண்டிய இடத்தில் எல்இடி சில்லு சரியாக உட்காராவிட்டால், எத்தனை லூமன் இருந்தாலும் வெளிச்சம் கண்டபடி சிதறும். என் காரில் ஒரு பக்கத்துப் பல்பைத் திருகலாக வேறு மாட்டியிருந்தார்கள்.

அந்த 20,000 லூமனையும் பார்த்துவிடுவோம் என்று மீட்டரைப் போட்டார். ஒரு பல்ப் இழுத்தது 1.6 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 22 வாட். ஒரு வாட்டுக்கு 683 லூமன் என்பதுதான் இயற்பியல் எல்லை. உலகத்தில் எந்த விளக்காலும் அதைத் தாண்ட முடியாது. நிஜ எல்இடி அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. அப்படியானால் 22 வாட்டில் 20,000 எங்கிருந்து வரும்? பெட்டியில் அச்சடித்திருந்ததே பொய்.

ஃபாக் லைட்டில் நடந்தது இன்னும் மோசம். அது முந்தைய சொந்தக்காரர் போட்டது, எச்8 பல்ப், 35 வாட். அதில் 55 வாட் எச்11 பல்பைத் திணித்திருந்தார்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், மாற்றிப் போடக்கூடாது என்பதற்காகவே அடிப்பாகத்தை வித்தியாசமாகச் செய்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் பல்லைக் கத்தியால் சீவியிருந்தது அப்படியே தெரிந்தது. மச்சான் சாக்கெட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். ஓரம் காபி நிறத்தில் கருகி, மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாடை. 120 வெள்ளியில் சேர்த்திருந்த ரிலே? தேடிப் பார்த்தோம், காரில் எங்கேயும் இல்லை.

இதையெல்லாம்விட வயிறெரிந்தது எதற்குத் தெரியுமா? என் காரில் பல்ப் பிரச்சினையே பெரிதாக இல்லை. ஹெட்லைட்டின் வெளிக்கண்ணாடி உண்மையில் பிளாஸ்டிக். பத்து வருட வெயிலில் மஞ்சள் பூத்துப் போயிருந்தது. மச்சான் தண்ணீர் விட்டு நைசான சேண்ட் பேப்பரால் தேய்த்தார், பாலிஷ் போட்டார், வெயில் தாங்கும் பூச்சு ஒன்றை அடித்தார். வழிந்த தண்ணீர் மோர் நிறத்தில் இருந்தது. பிறகு சாதாரண 60/55 வாட் ஹாலஜென் ஜோடி ஒன்று வாங்கினோம், 45 வெள்ளி. வட்டத்துக்குள் "E" என்ற ஆங்கில எழுத்து முத்திரை (தர அங்கீகாரம் பெற்றதன் அடையாளம்) இருக்கிறதா என்று பார்த்து வாங்கினோம். ஹாலஜென் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடேறி பல்ப் சீக்கிரம் போய்விடும். இப்போது அதே துன் சார்டோன் சாலையில் கோடு தெரிகிறது, வளைவு தெரிகிறது, எதிரில் யாரும் ஹை பீம் அடிப்பதில்லை.

கடைக்குத் திரும்பிப் போனேன். எலெக்ட்ரிக் சாமானுக்கு வாரண்டி கிடையாது என்றார் முதலாளி. பையன் தலையைக் குனிந்துகொண்டான். என் பழைய பல்புகளைக் கேட்டதற்கு, குப்பையில் போட்டாச்சு என்று பதில். கூசும் விளக்கைப் பிடித்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மன் கொடுப்பது கார்க்காரருக்குத்தான். அதையும் விற்கும்போது யாரும் சொல்லவில்லை.

மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். மூன்று வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ரசீதில் விவரம் இல்லாததால் கியூஆர் பதிவு, பல்ப் பெட்டி, கருகிய சாக்கெட்டின் படம் எல்லாவற்றையும் இணைத்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள்.

கடையில் விளக்கு மாற்றுபவர்கள், பழைய பல்பையும் ரப்பர் மூடியையும் கையில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். சுவரில் அடித்துக் காட்டச் சொன்னால் பத்து மீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். ஜெலுத்தோங் பக்கம் இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால், அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். விசாரணைத் தேதி வந்ததும் எழுதுகிறேன்.