ரப்பர் தோட்டத்துக்கு வாங்கின புளூடூத் ஸ்பீக்கர்: நாலு மாசம் கழிச்சு எழுதுறேன்

கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கத்துல ரப்பர் பால்வெட்டுதான் எனக்குத் தொழில். ராத்திரி மூன்றரைக்கு நெத்தியில ஹெட்லைட்டை மாட்டி இறங்கினா, முந்நூறு மூடும் (மரத்தை நாங்க மூடுன்னுதான் சொல்லுவோம்) வெட்டி முடிக்கும்போது நல்லா வெளுத்திருக்கும். அவ்வளவு நேரமும் நான் ஒருத்தன்தான். ஹெட்போன் மாட்டிப் பாத்தேன், சரிவரல. பாம்பும் பன்னியும் நடக்குற இடம். சருகுக்குள்ள என்ன அனங்குதுன்னு காதுக்குத் தெரியணும். அதனாலதான் ஸ்பீக்கர்.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்துல ஒரு கடையில 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். கடைத் தம்பி நிறைய எடுத்துக் காட்டினான். "லைட் மின்னாண்டாம் தம்பி, அமுக்குற பட்டன் உள்ளதா குடு"ன்னு கேட்டேன். காரணம் உண்டு. பால் வெட்டுற கையில ரப்பர்பால் படாம இருக்காது. அது காஞ்சு விரல் நுனியில தோல் மாதிரி ஒட்டிப் பிடிச்சிடும். அந்த விரலால போன் ஸ்கிரீனைத் தொட்டா போனுக்குத் தெரியவே தெரியாது. இந்த ஸ்பீக்கர்ல பட்டன் நாலும் ரப்பர் உறைக்குள்ள மேடா இருக்கு. இருட்டுல தடவியே கூட்டலாம், குறைக்கலாம், அடுத்த பாட்டுக்குப் போகலாம். பட்டன்ல பால் படிஞ்சாலும் காஞ்ச பிறகு நகத்தால கிள்ளி இழுத்தா ஒரே தோலா உரிஞ்சு வந்திடும்.

முதல்ல இணைக்கிறது லேசுதான். ஸ்பீக்கரை ஆன் பண்ணி, புளூடூத் பட்டனை நீல வெட்டம் வேகமா மின்னுற வரைக்கும் அமுக்கிப் பிடிக்கணும். போன்ல செட்டிங்ஸ், அதுல புளூடூத், அதுல புதிய சாதனம். பேர் வந்ததும் தொட்டா முடிஞ்சுது. அடுத்த நாள்ல இருந்து ஆன் பண்ணினாலே தானா பிடிச்சுக்கும்.

பாடுபட்டது மூணாவது நாள். முந்தின சாயங்காலம் என் மக அவ போன்ல இணைச்சுப் பாட்டு கேட்டிருக்கா. நான் விடியக்காலம் திண்ணையில நின்னு ஆன் பண்ணினா, ஸ்பீக்கர் 'இணைஞ்சாச்சு'ங்குற மாதிரி சத்தம் குடுக்குது, என் போன்ல ஒண்ணையும் காணல. கால் மணி நேரம் திண்ணையிலேயே போச்சு. கடைசியா யாரு போன்ல இணைஞ்சிருந்ததோ அதைத்தான் ஸ்பீக்கர் முதல்ல தேடும். அவ போன் அறைக்குள்ள புளூடூத் ஆன்ல கிடந்திருக்கு. ரெண்டு போனையும் ஒரே நேரத்துல பிடிக்கிற ஸ்பீக்கரும் உண்டு, இந்த விலைக்கு வந்த என்னுது அப்படி இல்ல. இப்போ அவகிட்ட "மக்களே, கேட்டு முடிச்சா புளூடூத்தை ஆஃப் பண்ணிப் போடு"ன்னு சொல்லியிருக்கேன். அவ மறந்தாலும் தோட்டத்துக்குள்ள போய் ஆன் பண்ணினா என் போன்லதான் பிடிக்குது.

இன்னொரு நாள் போன்ல ஸ்பீக்கர் பேரே வரல. இருட்டுல M பட்டனை அமுக்கி ரேடியோவுக்கு மாத்தியிருக்கேன். அந்த பட்டனையே திரும்ப அமுக்கினதும் சரியாச்சு. கெட்டுப்போச்சுன்னு கடைக்குத் தூக்குறதுக்கு முன்னால இதைப் பாருங்க.

இணைஞ்ச பிறகும் பாட்டு போன்லயே பாடினா, புளூடூத் பட்டியல்ல ஸ்பீக்கர் பேருக்குப் பக்கத்துல உள்ள பல்சக்கரத்தைத் தொடுங்க. மீடியா ஆடியோ ஆன்ல இருக்கணும். அங்கேயே போன் கால்னு ஒண்ணு இருக்கும், அதை நான் ஆஃப் பண்ணி வச்சிருக்கேன். வீட்டு விசயம் ஸ்பீக்கர் வழியா அடுத்த தோட்டத்துக்குக் கேக்காண்டாம்.

தூரம்தான் நான் ரொம்ப யோசிச்ச விசயம். பெட்டியில பத்து மீட்டர்னு போட்டிருக்கு. ஸ்பீக்கரை நடுவுல ஒரு மூட்டுல தொங்கவிட்டு, போனை சட்டைப்பையில வச்சு நடந்தேன். ரெண்டு மூடு தாண்டினதும் பாட்டு விட்டு விட்டு வருது. நான் திரும்பி நின்னா இன்னும் மோசம். புளூடூத்து அலை 2.4 கிகாஹெர்ட்ஸ், நம்ம உடம்புல உள்ள தண்ணியே அதை வாங்கிக்கும். அதனால போனை பிளாஸ்டிக் கவர்ல போட்டு, ஸ்பீக்கரோட சேர்த்து ஒரே பையில வச்சு, நிரைக்கு நிரை நகர்த்துறேன். பாட்டு இருபது மூடு தூரத்துக்குக் கேக்குது, புளூடூத் ஒரு சாண்தான் தாண்ட வேண்டியிருக்கு. அதுக்குப் பிறகு ஒரு நாள்கூட அறுபடல.

பேட்டரி பன்னிரண்டு மணி நேரம்னு சொன்னாங்க. நான் வைக்கிற சத்தத்துக்கு ஏழு, ஏழரை நிக்குது. எனக்கு அது போதும். சத்தம் குறைவா இருந்தா போன்லயும் ஸ்பீக்கர்லயும் தனித்தனியா கூட்டிப் பாக்கணும்.

உறைஞ்ச பாலை ரப்பர் ஷீட்டா அடிக்கும்போது எனக்கு நாகர்கோவில் வானொலி வேணும், 101 எஃப்.எம். நாட்டிலேயே முதல் உள்ளூர் வானொலி நிலையமா 1984-ல தொடங்கினது அது. எங்க வீட்டுல காலம்பற அது பாடாத நாள் கிடையாது. இந்த ஸ்பீக்கர்ல ரேடியோ உண்டு, ஆனா சார்ஜ் வயரைக் குத்தி வச்சாதான் தெளிவா எடுக்குது. அந்த வயர்தான் ஏரியல். கடையில இதை யாரும் சொல்லல.

தண்ணிக்கு ஐ.பி.எக்ஸ் 7. ஒரு மீட்டர் நல்ல தண்ணியில அரை மணி நேரம் தாங்கும்னு அர்த்தம். மழை நனைஞ்சிருக்கு, ஒண்ணும் ஆகல. ரப்பர்பாலையும், பால் உறையறதுக்கு ஊத்துற ஆசிட்டையும் அந்தக் கணக்குல சேர்க்கப்பிடாது, ஆசிட் பக்கம் நான் கொண்டு போறதில்ல. கடற்கரைக்காரங்க உப்புத்தண்ணி பட்டா நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு வைக்கணும்.

சத்தம் கொள்ளாம், அடிசத்தம் கொஞ்சம் மட்டு. உண்மையான குறை சார்ஜ் ஓட்டையோட மூடி. ரெண்டாவது மாசமே ஓரம் கிழிஞ்சுது, அது இல்லாம தண்ணி தாங்காது. இப்போ சைக்கிள் டியூபை வளையமா வெட்டி அந்த மூடி மேல இறுக்கி மாட்டியிருக்கேன். வாங்கப் போறவங்க கடையிலேயே அந்த மூடியை நாலு தடவை திறந்து மூடிப் பாத்து வாங்குங்க.