“ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு” என்று சர்வீஸில் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

ராத்திரி வரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர், காலையில் ஆன் செய்ததும் பூட் டிவைஸ் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) இல்லை என்று கருப்புத் திரையில் நின்றுவிட்டது. அவசர வேலை இருந்ததால் சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் கேபினெட்டைத் திறக்கக்கூட இல்லை. “ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு சார், புதுசுதான் போடணும், டேட்டா வேணும்னா அதுக்குத் தனி சார்ஜ்” என்றார். சரி என்று புதிது போடச் சொன்னேன். பழைய டிஸ்கைக் கேட்டதும் பேச்சே மாறிவிட்டது. “அது டெட் சார், உங்களுக்கு எதுக்கு, நாங்களே தூக்கிப் போட்டுடுறோம்” என்றார்கள். குடும்பப் போட்டோக்கள், வங்கிக் காகிதங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன, விடாமல் நின்று வாங்கி வந்தேன்.

வீட்டில் அதை யுஎஸ்பி கேஸில் போட்டு லேப்டாப்பில் செருகினால் எல்லா ஃபோல்டரும் அப்படியே திறக்கிறது! டிஸ்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பார்த்தேன், ஒரு கெட்ட செக்டார்கூட இல்லை. அவர்கள் போட்ட ‘புது’ டிஸ்கைப் பார்த்தால் பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது அது இதுவரை ஓடிய மணிநேரம், ஆயிரக்கணக்கில் நிற்கிறது. யாரோ வருஷக்கணக்கில் ஓட்டிக் கழித்ததை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கோளாறு மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியில்தான். அது தீர்ந்துபோனால், பிளக்கைப் பிடுங்கியதும் பயாஸ் (கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்) செட்டிங் அழிந்து தேதியும் ஏதோ பழைய வருஷத்துக்குப் போய்விடும். என் விண்டோஸ் லெகசி என்ற பழைய பூட் முறையில் போட்டது, பயாஸோ தானாக யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாறிவிட்டது, அதனால் டிஸ்க் நன்றாக இருந்தும் பூட் ஆகவில்லை. ஒரு பேட்டரியை மாற்றி, பயாஸில் திரும்ப லெகசி என்று வைத்திருந்தால் முடிந்திருக்கும்.

உங்களுக்கு இப்படி வந்தால் முதலில் ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் கீயை அழுத்தி பயாஸுக்குள் போய், டிஸ்கின் மாடல் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் டிஸ்க் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது, தேதி, பூட் ஆர்டர் (எந்த டிஸ்கை முதலில் தேடும் என்ற வரிசை), லெகசியா யுஇஎஃப்ஐயா என்பதைச் சரிபாருங்கள். தெரியவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் கழற்றி மாட்டுங்கள், வேறு போர்ட்டிலும் போட்டுப் பாருங்கள். மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி என்றால் கழற்றி நன்றாக அழுத்திப் பொருத்துங்கள். ஆனால் டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள், அதன்பிறகு திரும்பத் திரும்ப ஆன் செய்வது டேட்டாவுக்கு ஆபத்து. வேறு கம்ப்யூட்டரில் செருகும்போது ஃபார்மட் செய்யவா, இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

திரும்பப் போய் அந்த மணிக்கணக்கைக் காட்டினேன், இந்த டிஸ்க் நாங்கள் போட்டதே இல்லை என்று சாதித்துவிட்டார்கள். பில்லில் வெறுமனே ‘ஹார்ட் டிஸ்க்’ என்றுதான் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் டிஸ்க், அவர்கள் போடும் டிஸ்க் இரண்டின் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதி வாங்குங்கள், லேபிளை மொபைலில் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.