மூன்றாம் பிறையைத் தாங்கும் உப்புச் சாடி

வேலூர்க் கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு கைவினைக் கடையில், சென்ற தை மாதம், நிலவின் வளர்ச்சியையும் தேய்வையும் காட்டும் இரண்டு மண்பொருட்களை வாங்கினேன். ஒன்று 850 ரூபாய் விலையுள்ள உப்புச் சாடி. மற்றொன்று டம்ளர் வைப்பதற்கான ஐந்து சுடுமண் வில்லைகள். மண்பாண்டத்துக்குப் பெயர் பெற்ற, காட்பாடியை அடுத்த கரிகிரியில் சுட்டவை இவை என்றார் கடைக்காரர்.

சாடி மூடியின் குமிழாக, எலுமிச்சம்பழம் அளவுள்ள ஓர் உருண்டையை வைத்திருக்கிறார்கள்; அதன் ஒரு பாதி கருப்பு, மறுபாதி பால்வெள்ளை. அதைத் தாங்கும் வளையத்தில் 30 பள்ளங்கள் வெட்டி, அமாவாசை, பௌர்ணமி ஆகிய இரண்டுக்கு மட்டும் புள்ளி வைத்திருக்கிறார்கள். ஒரு பள்ளம் நகர்த்தினால் உருண்டை 12 பாகை திரும்புகிறது. ஒரு திதி என்பதும் நிலவு சூரியனிலிருந்து 12 பாகை விலகும் காலம்தான் என்பதால், பஞ்சாங்கக் கணக்கே சமையல் மேடைக்கு வந்துவிட்டது. மாலையில் விளக்கேற்றியதும் என் மகள் ஓடிவந்து ஒரு பள்ளம் நகர்த்துவாள்; நகத்தைச் சொடுக்கியது போன்ற மெல்லிய ஓசை எழும். நிலவின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 29.53 நாட்களே ஆவதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பள்ளம் கூடுதலாக நகர்த்த வேண்டும்; இதைக் கடையில் சொல்லி அனுப்பியிருக்கலாம்.

என்னை மிகவும் கவர்ந்தது உருண்டையின் அச்சைக் கிடைமட்டமாக வைத்திருப்பது. படங்களில் பிறையை நிமிர்த்தி வரைகிறார்கள். ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 13 பாகை வடக்கிலுள்ள நம் ஊரில், மாசி, பங்குனி மாலைகளில், மேற்கே மூன்றாம் பிறை தோணிபோல மல்லாந்து கிடக்கும். மொட்டை மாடியில் அதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தால், சாடியின் தலையிலும் அதே தோணி இருக்கிறது. இதைச் செய்தவர் வானத்தைப் பார்த்துச் செய்திருக்கிறார்.

குறை, பௌர்ணமிக்குப் பிறகு தெரிகிறது. உருண்டை தொடர்ந்து ஒரே திசையில் சுழல்வதால், தேய்பிறையின் வெளிச்சம் மேற்புறத்தில் நின்று, தோணி கவிழ்ந்துவிடுகிறது. விடியலுக்கு முன் கிழக்கே எழும் தேய்பிறைக்கோ, சூரியன் இருக்கும் கீழ்ப்புறத்தில்தான் ஒளி இருக்கும். வளையத்தைத் தலைகீழாக மாட்டும் வசதி செய்துவிட்டால் இது தீர்ந்துவிடும். சாடியின் வாயும் குறுகல். கல் உப்பை அள்ளக் கை நுழையாது, கரண்டிதான் வேண்டும்.

வில்லைகளை வாங்க வேண்டாம். வெள்ளை வட்டத்தின்மேல் கருப்பு வட்டத்தை நகர்த்தி நகர்த்தி வரைந்திருப்பதால், அவை கடித்த அப்பளம்போலக் கிரகணத்தைக் காட்டுகின்றனவே தவிர, பிறையைக் காட்டவில்லை. பாதிக்கு மேல் வளர்ந்த நிலவின் இருபுறமும் புடைத்த வடிவம் அந்த முறையில் வரவே வராது. சாடியில் அவ்வளவு சரியாகச் செய்தவர்கள் இதில் கவனம் தவறியது எனக்கு வருத்தமே. சாடியை மட்டும் இன்னொன்று, குடியாத்தத்திலுள்ள என் அக்காவுக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன், வாயை அகலமாக வைக்கும்படி.