ஆட்டுக்கறியைக் கூறு போடலாம், கடல் மீனை?

மலேசியாவில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் எங்கள் லயத்துக்குக் காலையில் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் மீன்காரரிடம், "முந்தாநாள் இதே காசுக்கு எட்டு கெம்போங் மீன் கொடுத்தீங்க, இன்னைக்கு அஞ்சுதானா?" என்று அம்மா மல்லுக்கு நிற்பார். "கடல்ல இல்லம்மா" என்பார் அவர். சரி, கடலில் இல்லாத வருஷத்தில் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது?

தீபாவளிக்கு இருபது வீடு சேர்ந்து ஆடு வாங்கிக் கூறு போடுவோமே, அதை வைத்துப் பார்க்கலாம். வீட்டுக்கு ஒன்றரை கிலோ என்று முதலிலேயே சொல்லிவிட்டு, வந்த ஆடு எலும்பும் தோலுமாக இருந்தால், பொறுப்பெடுத்தவர் கைக்காசைப் போட்டுக் கறி வாங்க வேண்டியதுதான். நியூசிலாந்து அரசாங்கம் 1986-ல் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. இத்தனை டன் மீன் பிடிக்கலாம் என்று உரிமை கொடுத்தாயிற்று, அப்புறம் ஆரஞ்ச் ரஃபி மீன் குறைந்தபோது அந்த உரிமையைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டிய நிலை. 1990-ல் சதவீதத்துக்கு மாறினார்கள். இருபதில் ஒரு கூறு, ஆடு பெருத்தாலும் சிறுத்தாலும் அவ்வளவுதான்.

எனக்குச் சதவீதம்தான் பிடிக்கும், ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. பழைய பிடிப்பைப் பார்த்துப் பங்கு போடுவதால் முன்பு அதிகம் அள்ளியவனுக்கே பெரிய கூறு. ஐஸ்லாந்தில் 1990 சட்டத்துக்குப் பிறகு பங்கைத் தாராளமாக விற்கலாம் என்றானதும் பெரிய கம்பெனிகள் வாங்கிச் சேர்த்தன, சில கடற்கரை ஊர்களில் படகும் போனது, வேலையும் போனது.

அதைவிடச் சிக்கல், ஆடு பக்கத்து லயத்துக்கு ஓடிவிட்டால்! கெம்போங்குக்குத் தூரத்துச் சொந்தமான அட்லாண்டிக் மெக்கரல் ஐஸ்லாந்துப் பக்கம் நகர்ந்தபோது நடந்தது அதுதான். "எங்கள் கடலில்தானே மேய்ந்து கொழுக்கிறது" என்று 2010-ல் ஐஸ்லாந்துக்காரர்களே 1,30,000 டன்னைத் தங்கள் பங்காக எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம், நார்வே போன்ற பழைய பங்காளிகள் தங்கள் கூறைக் குறைக்கவில்லை. எல்லாரும் எழுதிக்கொண்டதைக் கூட்டினால் விஞ்ஞானிகள் சொன்ன அளவைத் தாண்டிப் போனது. 2019-ல் அந்த மீனுக்கு இருந்த, வளத்தைக் கெடுக்காமல் பிடித்தது என்று காட்டும் எம்எஸ்சி சான்றிதழையே நிறுத்திவைத்தார்கள்.

பசிபிக் தீவுக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். அங்கே எட்டு நாடுகள் சூரை மீனை எடை போட்டுப் பிரிக்காமல் பிடிக்கும் நாட்களைப் பிரித்துக்கொள்கின்றன, வெளிநாட்டுக் கப்பல்கள் நாள் கணக்கில் காசு கட்டுகின்றன. கடலின் சூடு இடம் மாறும் எல் நினோ வந்தால் மீன் கிழக்கே கிரிபாட்டி பக்கம் போகும், லா நினா என்றால் மேற்கே. நாட்களை நாடுகளுக்குள்ளேயே கைமாற்றலாம் என்பதால் மீன் போன இடத்துக்கு நாளும் போகிறது. ஒரு நாள் என்பது ஒரே அளவு மீன் கிடையாது, அதனால் 80 மீட்டரைத் தாண்டிய கப்பலுக்கு ஒரு நாள் ஒன்றரை நாளாகக் கணக்கு. எனக்குத் தெரிந்து மீன் நகரும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

நம் நாட்டில் முக்கியமாக லைசன்ஸும் மண்டலமும்தான்: கரையோரம் சிறு படகுக்கு, இழுவைப் படகு அதற்கு அப்பால். என்னைக் கேட்டால் சதவீதப் பங்கு, அதில் சம்பான் என்ற சிறு படகுக்காரர்களுக்கென்று, விற்கவே முடியாத ஒரு கூறு, அந்தப் பசிபிக் கைமாற்று, மூன்றையும் சேர்ப்பேன்.

மீன்காரரிடம் இதை விளக்கினேன். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "ராத்திரி கரையோரம் வந்து இழுக்கிறானே, அவனுக்கு எத்தனை சதவீதம் தம்பி?" என்றார்.