பெர்சியன் பூனையும் அக்குள் சிக்கும்

பெர்சியன் பூனை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. மயக்க மருந்து கொடுத்து, அக்குளையும் வயிற்றையும் மழித்து எங்கள் பூனையை அப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

படங்களில் தெரிவதெல்லாம் முதுகும் வாலும்தான். அங்கே தொல்லையே இல்லை, சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். சிக்கு விழுவது அக்குளில், காதுக்குப் பின்னால், வயிற்றில், பின்தொடைகளில். உதிர்கிற உள்முடி கீழே விழாமல் நீள முடிக்குள் மாட்டிக்கொள்ளும். பூனை நடக்க நடக்க அக்குள் உரசி, அது கம்பளித் துண்டு மாதிரி இறுகிவிடும். நேற்று சுத்தமாகச் சீவிய இடத்தில் இன்று முடிச்சு இருக்கும். பிரஷ்ஷை மேலாக ஓட்டினால் மேல்முடி மட்டும் பளபளக்கும், சிக்கு அடியில் தோலை ஒட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். உலோகச் சீப்பை வேர்வரை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சீவ வேண்டும், அதுவும் தினமும். கத்தரிக்கோலை மட்டும் எடுக்காதீர்கள். பூனையின் தோல் மெல்லியது. சிக்கை இழுக்கும்போது தோலும் கூடவே எழும்பி வரும், வெட்டுப்பட்டுவிடும்.

இந்த முறை குளிப்பாட்ட விட்ட இடத்தில் சிக்கு எடுக்காமலே தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். நனைந்து காய்ந்தால் சிக்கு இன்னும் இறுகும். முதலில் சீவ வேண்டும், அப்புறம்தான் குளியல். இந்தத் தொழிலின் அரிச்சுவடியே அதுதான். கால் வைக்கும்போதெல்லாம் தோல் இழுபட்டு வலித்தது பூனைக்குத்தானே!

குணத்தைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. சத்தம் கிடையாது, திரைச்சீலையில் ஏறுவது கிடையாது. நாம் எந்த அறையில் இருக்கிறோமோ அங்கே வந்து படுத்துக்கொள்ளும். அக்குளில் சீப்பு பட்டால் காலை இழுத்துக்கொள்ளுமே தவிர, ஒருநாளும் கீறியதில்லை. முகம் தட்டை என்பதால் கண்ணீர் வழியும், அதைத் துடைப்பது சின்ன வேலை.

நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அடுத்து ஒரு பூனை வளர்த்தால் எங்களுக்கு அதுவும் பெர்சியன்தான், அது வேறு விஷயம்.

அவர் கேட்பதாக இல்லை. சரி, வாங்குவதென்றால் தாய், தந்தை இரண்டுக்கும் பி.கே.டி. மரபணுப் பரிசோதனை முடிவைக் கேளுங்கள். இது சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய், பெர்சியன்களிடம் அதிகம். பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. காரணமான மரபணு மாற்றம் 2004-இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, எனவே பரிசோதிக்காமல் விற்பவரிடம் வாங்க வேண்டாம். மூக்கு கொஞ்சம் நீண்ட குட்டியாகப் பாருங்கள், மூச்சுத் தொல்லை குறையும். வீட்டுக்கு வந்ததுமே அக்குளைத் தொட்டுத் தொட்டுப் பழக்குங்கள். வளர்ந்தபின் பழக்குவது பெரும்பாடு.